குறுக்கே போன பூனை

பூனை வளர்த்தவர்கள் தங்கள் பூனையைப் பற்றி உருகி உருகிப் பேசுவதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மடியில் வந்து படுத்துக்கொள்ளுமாம், காய்ச்சல் வந்தால் கட்டிலை விட்டு நகராதாம், கண்ணாலேயே பேசுமாம். நானும் ஒரு பூனையோடு ஒன்பது வருஷம் குடித்தனம் நடத்தியவள்தான். அது என் மடியில் படுத்ததே இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது என் தலையணையில் மூத்திரம் போனது. கண்ணால் அது பேசியதெல்லாம் ஒரே சேதிதான்: நீ யார், என் வீட்டில் உனக்கு என்ன வேலை.

கேட்டதில் நியாயமும் இருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் சோமனூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனபோது எனக்கு முன்பே அது அந்த வீட்டில் இருந்தது. வெள்ளைப் பூனை, பெட்டை. பின்னங்கால்களில் இடதுபக்கத்துக் கால் முட்டிக்குக் கீழே கிடையாது. இரண்டு காதும் கேட்காது. எடுத்துக்கொண்டதற்கெல்லாம் ஈடாகக் கடவுள் அதற்குத் திமிரை அள்ளிக் கொடுத்திருந்தார். வீட்டில் எல்லாரும் அதை நொண்டி என்று கூப்பிட்டார்கள். நானும் வந்த வாரமே அப்படிக் கூப்பிடப் பழகிவிட்டேன். பழகாமல் என்ன? அது என் கல்யாணப் பட்டுப்புடவை மேல் குட்டி போட இடம் பார்த்துக்கொண்டிருந்தபோது செல்லப்பெயரா வைக்க முடியும்?

வீட்டுக்குப் பின்னால் பொடக்காலி. அதைத் தாண்டினால் தறிக்கூடம், எட்டு விசைத்தறி. காலையில் மோட்டாரைப் போட்டார்கள் என்றால் பாத்திர அலமாரியில் டம்ளர்கள் எல்லாம் ஆட ஆரம்பித்துவிடும். அந்தச் சத்தத்துக்கு நடுவே பேசிப் பேசி அந்த வீட்டில் எல்லாருக்கும் தொண்டை மாடுமேய்க்கிறவர்களின் தொண்டை. கரண்ட் போய்த் தறியெல்லாம் நின்ற பிறகும் கத்தித்தான் பேசுவார்கள். உப்பு ஜாடி எங்கே என்று என் மாமியார் கேட்டால் பஸ் ஸ்டாப்பில் நிற்பவன் பதில் சொல்லலாம். நான் கோயமுத்தூர் டவுனில் பிறந்தவள், சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவள், பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தவள். இந்த உப்புத் தண்ணீரையும் கத்தலையும் பார்த்து முதல் ஆறு மாதம் மூக்கைச் சுளித்தபடியே இருந்தேன். ஏழாவது மாதம் நானும் கத்த ஆரம்பித்தேன்.

கத்துவார்களே ஒழிய மரியாதைக்குக் குறைச்சல் இல்லை. மரியாதையாகவே கத்துவார்கள். தறி ஓட்ட வருபவரும் ‘ங்க’ போடுவார், அவரை வேலைக்கு வைத்த என் கணவரும் அவருக்கு ‘ங்க’ போடுவார். பால்காரருக்கு ‘ங்க’, பஸ் கண்டக்டருக்கு ‘ங்க’, திட்டும்போதுகூட, “உங்களுக்கு அறிவிருக்குதுங்களா?” என்றுதான் கேட்பார்கள். மனசில் இருப்பதைச் சொல்ல மட்டும் யாருக்கும் வாய் வராது. ‘ங்க’ போட்டுப் போட்டே விஷயத்தைப் பூசி மெழுகிவிடுவார்கள். இந்த மரியாதைக் கணக்கில் சேராத ஒரே ஜீவன் அந்தப் பூனை. “ஏ நொண்டி!” என்று என் மாமியார் சமையலறையிலிருந்து ஒரு குரல் கொடுப்பார். “நொண்டி எங்க போச்சு?” என்று என் கணவர் தறிக்கூடத்திலிருந்து ஒரு குரல் கொடுப்பார். மாமனார் காலமாகிவிட்டார், இல்லாவிட்டால் அவரும் ஒன்று கொடுத்திருப்பார்.

இத்தனைக்கும் அதற்குக் காது கேட்காது என்பது எல்லாருக்கும் தெரியும். கால் போனபோது கட்டுப் போட்ட கால்நடை டாக்டரே சொல்லியிருக்கிறார், இந்த மாதிரி வெள்ளைப் பூனைகளில் சிலதுக்குப் பிறவியிலேயே காது கேட்காது என்று. மோட்டார் பெல்ட் ஓடுகிற சத்தம் கேட்டிருந்தால் குட்டியாக இருக்கையில் அதன் பக்கத்தில் போய் நூலோடு விளையாடியிருக்குமா? எங்களுக்கு மட்டும் புத்தி வரவில்லை. காது கேட்காத பூனையை நாளைக்கு இருபது தடவை கத்திக் கூப்பிட்டோம். அது திரும்பிப் பார்க்காததும், பாரு எத்தனை கொழுப்பு என்று திட்டினோம்.

கொழுப்பு இருந்தது வாஸ்தவம்தான். திங்கட்கிழமை தயிர்ச்சோறு தின்னும். செவ்வாய்க்கிழமை அதே தயிர்ச்சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டு, மண்ணைத் தள்ளி மூடுகிற மாதிரி தரையைப் பிராண்டும். தொட்டால் கடிக்கும். தொடாவிட்டால் வந்து உரசும், உரசுகிறதே என்று தொட்டால் கடிக்கும். காலையில் பிரியமாக இருந்ததென்றால் மத்தியானத்துக்குள் எங்கேயோ ரத்தம் பார்க்கப்போகிறது என்று அர்த்தம். வீட்டில் எந்த இடத்தில் படுத்தால் யாருக்கு இடைஞ்சல் என்று ஆராய்ந்து அங்கேதான் படுக்கும். தறிகள் எட்டும் ஓடுகையில், மனுஷர்கள் காதில் பஞ்சு வைத்துக்கொள்கிற இடத்தில், பாவு நூல் மூட்டை மேல் மல்லாந்து கிடந்து அது மட்டும் சுகமாகத் தூங்கும்.

அது யார் சொல்லையாவது கேட்டது என்றால் என் கணவரின் தங்கை சொல்லைத்தான். சொல் என்றும் சொல்ல முடியாது, அவள் அதைக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. காலால் தரையை இரண்டு தட்டுத் தட்டுவாள். எங்கே கிடந்தாலும் எழுந்து மூன்று காலில் தத்தித் தத்தி வந்துவிடும். பூனை வளர்க்கிற லட்சணத்தைப் பார், வாயைத் திறந்து கூப்பிடக்கூடச் சோம்பல் என்று நினைத்துக்கொள்வேன்.

அவள் தறிக்கூடத்தில் தார் சுற்றுவாள். தார் என்றால் ஊடை நூல் சுற்றிய சின்னக் கட்டை, தறியில் குறுக்கும் மறுக்கும் பாய்கிற நாடாவுக்குள் வைப்பது. உட்கார்ந்த இடத்தில் செய்கிற வேலை. குழந்தையாக இருக்கும்போது வந்த போலியோவில் அவளுடைய வலது கால் சூம்பிப்போயிருந்தது. நடக்கும்போது வலது தொடையில் கை வைத்து ஓர் உந்து உந்தி நடப்பாள். முகம் அப்படி லட்சணம். என்னைவிட லட்சணம் என்று ஒப்புக்கொள்ள எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது. அந்தக் காலைப் பற்றி அந்த வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. பேசாமல் இருப்பதுதான் மரியாதை, பிரியம், எல்லாம். கல்யாணமாகி வந்த மறுநாள் என் கணவர் எனக்குப் போட்ட ஒரே கண்டிஷன் அதுதான்: “அம்மணி, தங்கச்சி மனசு நோகற மாதிரி மட்டும் ஒண்ணும் பேசிப்போடாதே.” நான் பேசவில்லை. நாங்கள் யாருமே பேசவில்லை.

அவளுக்கு இருபத்துநான்கு முடிந்தது. மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தார்கள். அவள் கல்யாணம் நடக்கவேண்டும் என்று அந்த வீட்டில் என்னைவிட அதிகமாக ஆசைப்பட்டவர்கள் யாரும் இல்லை. இதை ரொம்ப நல்ல மனசு என்று யாராவது நினைத்தால் அது அவர்கள் தப்பு. வீட்டில் காற்று வருகிற அறை ஒன்றே ஒன்று, முன்பக்கத்தில். அது அவளுடையது. நாங்கள் தறிக்கூடத்துப் பக்கத்துப் பின்னறையில் கட்டிலோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தோம்.

முதலில் வந்தது அவிநாசிப் பக்கத்து இடம். அம்பாசிடர் காரில் ஏழு பேர் இறங்கினார்கள். கேசரி கிண்டி, பஜ்ஜி சுட்டு, நைலான் வயர் நாற்காலிகளைப் பக்கத்து வீட்டிலிருந்து இரவல் வாங்கிப் போட்டு எல்லாம் தயாராக இருந்தோம். மாப்பிள்ளையின் அம்மா கேட்டைத் தாண்டிக் காலை வைக்கப்போகிற நேரம் பார்த்து, வாசலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நொண்டி புறப்பட்டது. நாலு காலுள்ள பூனை என்றால் விருட்டென்று ஓடிவிடும், நாமும் பார்க்காதது மாதிரி இருந்துவிடலாம். இது தத்தி, நின்று, உட்கார்ந்து, வயிற்றை நக்கி, வந்திருப்பவர்களை ஒரு பார்வை பார்த்து, மறுபடி தத்தி, ஒரு நிமிஷம் எடுத்துக்கொண்டது. ஏழு பேரும் வெயிலில் நின்று அதைப் பார்த்தார்கள். “நொண்டியப் புடிச்சு அக்கட்ட போடுங்க!” என்று என் மாமியார் உள்ளேயிருந்து கத்தினார். மூன்று காலால் குறுக்கே போனால் முக்கால் சகுனம் என்று கணக்கு வைக்கக் கூடாதா என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

உள்ளே வந்தார்கள், தண்ணீர் குடித்தார்கள், பெண் காபித் தட்டோடு வருவதைப் பார்த்தார்கள். தட்டு ஒரு கையில், இன்னொரு கை தொடையில். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. கேசரியை வழித்துத் தின்றுவிட்டு, “போயிச் சொல்லி அனுப்பறமுங்க” என்று கிளம்பினார்கள். மூன்றாம் நாள் தரகர் வந்து சொன்னார்: “அவியளுக்கு எல்லாம் திருப்திதானுங்க. பொண்ணும் மகாலட்சுமியாட்ட இருக்குதுன்னாங்க. ஆனா பாருங்க, காலெடுத்து வெக்கறப்பவே பூனை குறுக்கால போயிருச்சுங்களே. ஊட்டுப் பெரியவியளுக்கு மனசு ஒரு மாதிரியாப் போச்சுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க.”

நாங்கள் தப்பாக நினைக்கவில்லை. பூனையை விளக்குமாற்றால் அடித்தோம்.

இரண்டாவது இடம் சத்தியமங்கலம் பக்கம். இந்தத் தடவை முன்னெச்சரிக்கையாகப் பூனையைக் குளியலறையில் போட்டுத் தாழிட்டோம். ஜன்னல் வழியாக எப்படி வெளியே வந்ததோ, அது கம்பிகளுக்கு இடையில் எப்படி உடம்பை நுழைத்ததோ, அவர்கள் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது உத்தரத்தில் நடப்பது போல் நாற்காலிகளின் நடுவே நடந்து போனது. மறுவாரம் அதே தரகர், அதே தொண்டைச் செருமல், அதே பூனை. “சொல்லவே சங்கடமா இருக்குதுங்க” என்றார் தரகர். சங்கடப்பட்டுக்கொண்டே இரண்டு டம்ளர் காபி குடித்தார்.

அன்றைக்கு என் மாமியார் அழுதார். “இந்த நொண்டி இந்த ஊட்ட உட்டுத் தொலஞ்சாத்தான் எம்புள்ளைக்கு விடிவு” என்று ஊர் கேட்க அழுதார். அவள் பக்கத்து அறையில்தான் இருந்தாள். என் கணவர் பூனையைச் சாக்கில் கட்டித் திருப்பூர் ரோட்டில் விட்டுவிடலாம் என்றார். ஆனால் பூனையைக் கொன்ற பாவம், விரட்டின பாவம் என்றெல்லாம் ஏதோ இருக்கிறதாம், அதற்கும் மாமியாருக்குப் பயம். பூனைக்கு யார் மணி கட்டுவது? கடைசியில் எங்கள் பக்கத்தில் எதற்கும் செய்கிறதையே செய்வது என்று முடிவானது. அம்மன் கோயிலில் பூக் கேட்டுவிடலாம் என்றார்கள்.

நிலம் வாங்கலாமா, சம்பந்தம் முடிக்கலாமா, கிணறு வெட்டலாமா என்று எதை வேண்டுமானாலும் பூ வைத்து அம்மனிடம் கேட்பார்கள். சிவப்பு அரளி ஒரு பொட்டலம், வெள்ளை அரளி ஒரு பொட்டலம், இலையில் ஒரே மாதிரி கட்டி அம்மன் காலடியில் வைப்பார்கள். சின்னக் குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் பூனை இருக்கட்டும், சிவப்பு வந்தால் அனுப்பிவிடலாம் என்று பேசிக்கொண்டோம். ஒரு குடும்பமே டவுன் பஸ் ஏறிப் போய் ஒரு மூன்றுகால் பூனையின் குடியிருப்பு விஷயமாக அம்மனிடம் மனு கொடுக்கிறது. நான் படித்த கெமிஸ்ட்ரி புத்தகங்களின் மேல் ஆணையாக எனக்கு வெட்கமாக இருந்தது.

பொட்டலம் கட்டுகிற வேலையை என்னிடம் கொடுத்தார்கள். நான் இரண்டு பொட்டலத்திலும் சிவப்பையே வைத்துக் கட்டினேன்.

எனக்கு நம்பிக்கை இல்லை, ஆகையால் எனக்குப் பாவமும் இல்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். சகுனத்தை நான் நம்பாவிட்டால் என்ன, வருகிறவர்கள் நம்புகிறார்களே? பூனை போனால் தடையும் போகும், இவள் கல்யாணமும் நடக்கும், எனக்கு அறையும் கிடைக்கும். பொட்டலங்களையும் மீந்த வெள்ளை அரளியையும் தேங்காய், பழத்தோடு கூடையில் போட்டேன். பஸ்ஸில் கூட்டம். அவளுக்கு மட்டும் உட்கார இடம் கிடைத்தது. கூடையை அவள் மடியில் வைத்துவிட்டு நாங்கள் மூவரும் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போனோம்.

கோயிலுக்கு வந்திருந்த யாருடைய பெண் குழந்தையோ, மூக்கு ஒழுகுகிற மூன்று வயசுச் சிறுமி, வந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தது. பூசாரி நாரை அவிழ்த்தார். வெள்ளை.

பி.எஸ்ஸி.யாவது ஒன்றாவது, என் கை தானாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. என் கணவர் மட்டும், “சாமி, இன்னொருக்காக் கேட்டுப் பாக்கலாமுங்களா?” என்றார். “அம்மன் என்னங்க டெலிபோன் ஆபீஸா, லைன் கெடைக்கலீன்னு மறுக்கா போட?” என்றார் பூசாரி. அதற்கு மேல் அப்பீல் கிடையாது. அம்மனே சிபாரிசு செய்த பூனை என்று நொண்டிக்கு அன்று சாயந்திரம் மத்திமீன். அது முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. அன்றைக்கு அதற்கு மீன் வேண்டாமாம்.

மறுநாள் மத்தியானம் கரண்ட் போனது. தறிகள் நின்றன. தறி ஓட்டுகிறவர் டீ குடிக்கப் போய்விட்டார். அவள் தார்க் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள், காலடியில் பூனை. நான் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணன் மனைவியை எங்கள் பக்கத்தில் நங்கை என்று கூப்பிடுவார்கள். “நங்கை, ஒண்ணு சொன்னா வெசனப்பட மாட்டீங்களே?” என்றாள்.

“சொல்லு கண்ணு.”

“ரெண்டு பொட்டணத்துலயும் செவப்புத்தான் இருந்துச்சுங்க.”

நான் கீழே கிடந்த தார்க் கட்டை ஒன்றை எடுத்து அடுக்கில் வைத்தேன்.

“பஸ்ல சும்மா அவுத்துப் பாத்தனுங்க. ஒண்ணுல வெள்ளைய மாத்தி வெக்கலாமான்னு இருந்துச்சு. அப்பறம் நீங்க ரெண்டுலயும் வெச்சிருக்கறப்போ நான் மட்டும் என்னத்துக்கு நாயம் பாக்கறதுன்னு ரெண்டையும் மாத்திப்போட்டேன்.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். குத்திக்காட்டுகிற சிரிப்பு இல்லை. அப்படி இருந்திருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லித் தப்பித்திருப்பேன்.

“உன் நல்லதுக்குத்தானே செஞ்சேன்” என்றேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. “இதனாலதானே வர்ற இடமெல்லாம் தட்டிப்போகுது?”

“இதனாலயுங்களா?” என்றாள். குனிந்து பூனையின் கழுத்தைச் சொறிந்தாள். அவளை அது கடிக்காது. “பூனை இருக்கறங்காட்டி பூனையச் சொல்லிப்போட்டுப் போறாங்க. இதைத் தொரத்திப்போட்டா அடுத்து வாரவிய எதைச் சொல்லுவாங்க நங்கை? எம்பட காலைத்தானுங்க சொல்லோணும். எங்கம்மா அதைக் காதுல கேட்டுத் தாங்குமுங்களா?”

அந்த வீட்டிலேயே படித்தவள், பகுத்தறிவுள்ளவள் நான்தான் என்று மூன்று வருஷமாக எல்லாரையும் ஏளனமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு பேர் வெயிலில் நின்று பூனையைப் பார்த்ததைப் பார்த்தேன். அதற்கப்புறம் உள்ளே வந்து அவர்கள் எதைப் பார்த்தார்கள் என்று நான் பார்க்கவே இல்லை. பார்த்தேன், பார்க்காத மாதிரி வைத்துக்கொண்டேன் என்பதுதான் சரி. சகுனத்தை நம்பாதவள் சகுனத்தின் மேல் பழியைப் போட்டு நிம்மதியாக இருந்தேன். எனக்குக் கொடுத்த பட்டத்தை யூனிவர்சிட்டி திரும்ப வாங்கிக்கொண்டிருக்கலாம்.

அதற்குப் பிறகு பெண் பார்க்க ஒறம்பரை வருகிற நாட்களில் பூனையைக் குளியலறையில் அடைக்கிற பொறுப்பை நானே ஏற்றுக்கொண்டேன். தாழை மட்டும் போடமாட்டேன். இரண்டு இடங்கள் அப்படியே வந்து, அப்படியே நின்று, அப்படியே போயின. பூனை நேரம் தவறாமல் தன் உத்தியோகத்தைப் பார்த்தது. மாமியார் பூனையைச் சபித்தார். நானும் அவளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள மாட்டோம்.

ஐந்தாவதாக அந்தியூரிலிருந்து வந்தார்கள். கார் இல்லை, பஸ்ஸில் வந்தார்கள். மாப்பிள்ளையும் அவர் அப்பாவும் மட்டும்தான். மாப்பிள்ளை மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருந்தார். அப்பா மாட்டு ஏவாரி. அந்தியூர்ச் சந்தையில் மாடு, குதிரை எல்லாம் கைமாற்றிவிடுகிறவர், காதில் கடுக்கன், தோளில் பச்சைத் துண்டு. நொண்டி வழக்கம்போல் புறப்பட்டு, நடுவாசலில் உட்கார்ந்து நக்க ஆரம்பித்தது. அந்த மனுஷன் நிற்கவில்லை. நேராக வந்து அதன் பிடரியைப் பிடித்துத் தூக்கி, கால் போன இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். “காயம் நல்லா ஆறிக் கெடக்குது. ஆரு கட்டுப் போட்டது?” என்று கேட்டார். பூனை அவரை மணிக்கட்டில் கடித்தது. “சுறுசுறுப்பு இருக்குது” என்று கீழே விட்டார்.

அவள் காபித் தட்டோடு வந்தாள். ஒரு கை தட்டில், ஒரு கை தொடையில். அந்த மனுஷன் டம்ளரை எடுத்துக்கொண்டு, நிமிர்ந்து, மழை பெய்ததா என்று கேட்கிற குரலில் கேட்டார்: “காலுக்கு என்னுங்க அம்மணி? பொறவியிலயா, பொறகால வந்துதா?”

என் மாமியாரின் முகத்தில் ரத்தமே இல்லை. என் கணவர் எழுந்து நின்றுவிட்டார். எனக்கோ காதெல்லாம் சூடு. மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்கிற ஆள் எங்கள் வீட்டுப் பெண்ணை வந்து விசாரிப்பதா? கழுத்தைப் பிடித்து வெளியே தள்ள வேண்டும் என்று இருந்தது.

“ரெண்டு வயசுல காச்சல் வந்துதுங்க” என்றாள் அவள். அந்த வீட்டில் அவள் குரல் அவ்வளவு தெளிவாக நான் கேட்டதில்லை. “அதுல போயிருச்சுங்க. மாடிப்படி ஏறுவேன். தண்ணிக்கொடம் எடுப்பேன். ஓட மாட்டேனுங்க.”

“ஓடி எங்க போறது” என்றார் மாப்பிள்ளை. அன்றைக்கு அவர் பேசியது அது ஒன்றுதான். காபியைக் குடித்து முடித்துவிட்டு, இன்னும் ஒரு டம்ளர் கிடைக்குமா என்று பார்வையால் கேட்டார்.

அவர்கள் போன பிறகு என் கணவர், இந்த மாதிரி நாகரிகம் தெரியாத இடம் நமக்கு வேண்டாம் என்று குதித்தார். மாமியார் அதற்கு ஒத்து ஊதினார். “அவிய கேட்டாங்க, பதில் சொன்னேன், அதுக்குப் பொறவும் ஒக்காந்திருந்தாங்க. நான் இங்கயே கட்டிக்கறேன்” என்று அவள் சொல்லிவிட்டுத் தறிக்கூடத்துக்குப் போய்விட்டாள். வைகாசியில் கல்யாணம் முடிந்தது. அதுவரை சனியனாக இருந்த பூனையை, “குறுக்கால போயித்தான் அந்தியூர்ச் சம்பந்தம் தெகஞ்சுது” என்று மாமியார் அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்ல ஆரம்பித்தார். ஆனைக்கொரு காலம் வந்தால் பூனைக்கொரு காலம் வராமல் போகுமா. முன்பக்கத்து அறை எனக்குக் கிடைத்தது. முதல் நாளே என் கட்டிலில் நொண்டி படுத்திருந்தது.

ஆடி நோம்பிக்கு அவளைக் கூட்டி வந்தார்கள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். சிரிப்பு முன்னைவிடச் சத்தமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பொடக்காலியில் உட்கார்ந்து நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன், அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்து புக்ககத்துக் கதைகளைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த மாமனார் மருமகளைக் கூப்பிட்டு, உனக்குச் சமையலில் புளி போடத் தெரியவில்லை என்று நேராகச் சொல்கிறாராம். முதலில் அழுகை வந்ததாம், இப்போது இவளும் நேராகவே பதில் சொல்கிறாளாம். நான் மீன் தலைகளை ஒரு தட்டில் எடுத்து வைத்துவிட்டு, எங்கள் வீட்டுக் குரலில், தறிச்சத்தத்தை மீறுகிற குரலில், கூப்பிட்டேன். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, தறி ஓடவே இல்லை.

“நொண்டி! ஏ நொண்டி!”

அவள் என் கையில் இருந்த தட்டைப் பார்த்தாள்.

“நங்கை, அதுக்குத்தான் காது கேக்காதுங்களே” என்றாள். “இத்தன வருசமா எனக்குத்தானுங்க கேட்டுது.”

கோபமாகச் சொல்லவில்லை. புளியைப் பற்றிச் சொன்ன அதே குரலில், நேராகச் சொன்னாள். சொல்லிவிட்டு, சூம்பிய காலால் படியை இரண்டு தட்டுத் தட்டினாள். கிணற்றடியில் படுத்திருந்த பூனை எழுந்து வந்தது.

காலைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று கண்டிஷன் போட்டவரும், அதைக் காப்பாற்றிய நாங்களும், நாளைக்கு இருபது தடவை அந்தப் பெயரை. அவள் தார் சுற்றும்போது, சாப்பிடும்போது, தலை பின்னும்போது. அம்மா ஒரு தடவை, அண்ணன் ஒரு தடவை, படித்த அண்ணி பத்துத் தடவை. எனக்கு மீன் கையோடு அழுகை வந்தது. முகத்தைத் துடைக்கக்கூட முடியவில்லை.

பூனை அதற்கப்புறமும் ஆறு வருஷம் இருந்தது. என் பிள்ளையைக் கடித்தது, என் புது சோபாவைக் கிழித்தது, சாகிறவரைக்கும் ஒரு நாள் கூட என்னை மதிக்கவில்லை. அதற்கு வேறு பெயர் எதுவும் நான் வைக்கவில்லை. சாப்பாட்டை வைத்துவிட்டுக் காலால் தரையை இரண்டு தட்டுத் தட்டுவேன். சில நாள் வரும். பல நாள், யாரோ தட்டுகிறார்கள் என்று தெரிந்தும், தலையைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும்.